கைரேகையைக் காக்கும் கையுறை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியிலுள்ள திருமுல்கேரியில் ஓய்வூதியர்களின் நடமாட்டம் மிகுந்துவிடும். வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் அது. 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட 'ஜீவன் பிரமாண்' திட்டத்தின் பயனாக, முன்போல் படிவங்களை நிரப்பிச் சான்றொப்பம் தேடி அலைய வேண்டியதில்லை. சிறு கருவியின் கண்ணாடிமீது விரலை வைத்தால் போதும். அது நம்மை அடையாளம் கண்டுகொள்ளும்.

சில விரல்களை மட்டும் அது அறிந்துகொள்ள மறுக்கிறது. மறு விரல், மறு கை என்று மாற்றி மாற்றி வைத்தும் பயனில்லாமல் போகிறது. முதுமையில் தோலின் வரிகள் தேய்வது இயற்கை. ஆயினும் முதுமை ஒன்றே காரணமன்று. சுண்ணாம்பு, சிமென்ட், சலவைத்தூள், பெட்ரோல், எண்ணெய் ஆகியவற்றோடு நெடுங்காலம் புழங்கிய கைகளிலும், தோலழற்சியால் வெடித்த கைகளிலும் ரேகை மங்கிவிடுகிறது. முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி இப்போது வந்துவிட்டது உண்மையே. எனினும் பல இடங்களில் இன்றும் விரலே சாவி.

ஒரு காலத்தில் கைநாட்டு என்பது எழுத்தறியாதவரின் அடையாளம். இன்றோ கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே விரலைப் பதிக்கிறோம். ஆகவே கையைப் பேணுவது அழகுக்கான செயல் மட்டுமன்று. நம் உடைமையைப் பேணும் செயலுமாகும்.

ஊரோடு வந்த பழக்கம்

திருமுல்கேரிக்கும் வாகனப் பழுதுபார்ப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்திய ராணுவத்தின் மின்சார, இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு 1943ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் உருவாக்கப்பட்டது. 'ஈ.எம்.ஈ.' என்று அழைக்கப்படும் அப்பிரிவின் பயிற்சிக் கல்லூரி இங்கேதான் இயங்குகிறது. ஜீப்பு முதல் பீரங்கி வண்டி வரை பழுது நீக்கும் கலையை இவ்வூரில் பயின்றவர்கள் பலர். பணி நிறைவுக்குப் பின் செகந்திராபாத்திலேயே குடியமர்ந்தோரும் உண்டு. சென்னை ராணுவப் படைகளோடு இப்பகுதிக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களும் இங்கு வாழ்கின்றனர்.

இத்தகைய ஊரில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காரின் பானெட்டைத் திறந்து நிற்பது வியப்பன்று. என்ஜின் ஆயிலை மாற்றுவது, பேட்டரி முனைகளில் பூத்த வெண்பொடியைத் துடைப்பது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது போன்ற சிறு வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்வதால் பணம் மிச்சமாகிறது. வண்டியின் நிலையும் தெரிகிறது. ஆனால் ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் கணக்குப் பார்க்காமல் செலவிடுவோர்கூடக் கையுறை வாங்க மறந்துவிடுகின்றனர்.

கையுறை பிறந்த கதை

இன்று மருத்துவமனைகளில் காணும் மெல்லிய ரப்பர் கையுறை, நோயாளியைக் காப்பதற்காக முதலில் செய்யப்பட்டதன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெடின் அறைக்குத் தலைமைச் செவிலியாக இருந்தவர் கேரொலைன் ஹாம்டன். கிருமி நீக்கத்துக்குப் பயன்பட்ட பாதரசக் கரைசல் அவருடைய கைகளைப் புண்ணாக்கியது. அவர் பணியை இழந்துவிடக்கூடாது என்று எண்ணிய ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகளைச் செய்து தரும்படி கேட்டார். 1890இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அக்கையுறை நோயாளிகளையும் தொற்றிலிருந்து காக்கிறது என்பது பின்னரே உணரப்பட்டது. உழைப்பவரின் கையைக் காப்பதே அதன் முதற்பணி என்பதை நாம் மறந்துவிட்டோம்.

எண்ணெயும் தோலும்

கையில் படியும் கரிய எண்ணெயை வெறும் அழுக்கென்று கருதுவது தவறு. 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் தோலில் தோன்றிய புற்றுநோய்க்குக் கரிப்புகையே காரணம் என்று எடுத்துரைத்தார். பின்னாளில் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில், இயந்திரங்களுக்கு இட்ட கனிம எண்ணெயில் நாள்தோறும் நனைந்த தொழிலாளருக்கும் அதே வகை நோய் கண்டது. சரிவரச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய்களைப் புற்றுநோய் விளைவிப்பவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

இன்று கடையில் விற்கும் புதிய என்ஜின் ஆயில் நன்கு சுத்திகரிக்கப்பட்டது. ஆனால் என்ஜினுக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுழன்றபின் எரிபொருளின் கரியும் உலோகத் துகளும் அதில் சேர்ந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஓரிரு முறை ஆயில் மாற்றுவோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் தவிர்க்கக்கூடிய தீங்கை ஏன் ஏற்க வேண்டும்?

வேலை முடிந்ததும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவும் வழக்கம் அதனினும் கெடுதியானது. அவை அழுக்கோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையையும் கரைத்துவிடுகின்றன. காப்பிழந்த தோல் வறண்டு, வெடித்து, அரிப்பெடுக்கிறது; அதன்பின் படும் ஒவ்வொரு வேதிப்பொருளும் எளிதில் உட்புகுகிறது. பேட்டரியில் உள்ளதோ கந்தக அமிலம். அதன் ஒரு துளி ஆடையில் ஓட்டையிடும். தோலைச் சும்மா விடுமா?

எவ்வேலைக்கு எக்கையுறை?

எல்லா வேலைக்கும் ஒரே கையுறை பொருந்தாது. எண்ணெய், பெட்ரோல், பிரேக் ஆயில் ஆகியவற்றைத் தொடும்போது நைட்ரைல் கையுறை ஏற்றது. ரப்பர் மரத்தின் பாலிலிருந்து செய்யப்படும் லேடெக்ஸ் கையுறை எண்ணெயில் ஊறினால் நைந்துவிடும். சிலருக்கு ஒவ்வாமையும் தரும். துணிக் கையுறையோ எண்ணெயை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்து விடுகிறது. அதை அணிவதைவிட அணியாதிருப்பதே மேல்.

கூர்மையான தகடுகளைக் கையாளவும் இறுகிய நட்டுகளைக் கழற்றவும் உள்ளங்கையில் ரப்பர் பூச்சுள்ள தடித்த கையுறையோ தோல் கையுறையோ வேண்டும். மெல்லிய நைட்ரைல் வெட்டுக்காயத்தையோ சூட்டையோ தடுக்காது. சூடான ரேடியேட்டரின் மூடியை எந்தக் கையுறையை நம்பியும் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் கொதிநிலையைக் கடந்து நிற்கும் நீர் பீறிட்டு எழும். என்ஜின் ஆறும்வரை காத்திருப்பதே வழி.

கையுறை அணியவே கூடாத வேளையும் உண்டு. ஓடும் என்ஜினின் பெல்ட், விசிறி, சுழலும் டிரில் ஆகியவற்றின் அருகே தளர்ந்த கையுறை சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். என்ஜினை நிறுத்திய பின்னும் பல கார்களில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதை நினைவிற்கொள்க.

மோதிரத்தைக் கழற்றி வைப்பதும் இன்றியமையாதது. கார் பேட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியம் காட்டுவோர் பலர். அந்த மின்னழுத்தம் உடலைத் தாக்காது. ஆனால் நேர்முனையில் வைத்த ஸ்பேனருக்கும் காரின் உலோக உடலுக்கும் இடையே தங்க மோதிரம் அகப்பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே பாயும். மோதிரம் நொடியில் பழுத்து, விரலைச் சுற்றிலும் சுட்டுவிடும். மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளை வீட்டில் தொடவே வேண்டா. அவற்றுக்குரிய காப்புக் கையுறையும் பயிற்சியும் தனி.

நம் நாட்டு வெயிலில் கையுறைக்குள் வியர்வை தேங்கும். ஆகவே அவ்வப்போது கழற்றிக் கையை உலர்த்த வேண்டும். கிழிந்த கையுறையை உடனே மாற்றுக. கழற்றும்போது உட்புறம் வெளியே வருமாறு உரித்தெடுத்தால் அழுக்கு கையில் படாது. இறுதியில் சோப்பால் கழுவிச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மீண்டும் பசைகொள்ளும்.

கைக்கு விலை உண்டோ?

வங்கி வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர்கள் ஆண்டுக்கு ரூ.20 செலுத்திச் சேரலாம். காப்புக்காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. விபத்தில் உயிரிழந்தாலோ இரு கைகளையும் இழந்தாலோ ரூ.2 லட்சம், ஒரு கையின் பயன்பாட்டை முற்றிலும் இழந்தால் ரூ.1 லட்சம். இதுவரை சேராதவர்கள் தத்தம் கிளையை அணுகிச் சேர்வது நலம்.

ஆயினும் இத்திட்டம் விபத்துக்கு மட்டுமே ஈடு தரும். ஆண்டுக்கணக்கில் பெட்ரோலில் கழுவி வெடித்த விரலுக்கும், மெல்ல மெல்ல அழிந்த ரேகைக்கும் அதில் இடமில்லை. அந்த இழப்பை முன்கூட்டியே தடுக்கும் ஒரே காப்பீடு, கருவிப் பெட்டியில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஓரிணைக் கையுறைதான். அடுத்த ஞாயிறு பானெட்டைத் திறக்குமுன் அதை அணிந்துகொள்ளுங்கள். வரும் நவம்பரில் கருவியின் கண்ணாடிமீது விரலை வைக்கும்போது, அது உங்களைத் தயக்கமின்றி அடையாளம் கண்டுகொள்ளட்டும்.