பீங்கான் குழாய்க்குள் ஒரு பெரட்டு

லூபோக் சீனாவிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டின் பின்கட்டில் காலியாகக் கிடக்கும் அறையை நன்றாக அடைத்து, ஏர்கோன் பொருத்தி, கொத்தமல்லியும் சாலட் கீரையும் வளர்க்க அவருக்கு ஆசை. வெளியே விதைத்தால் வெக்கையில் இரண்டும் சீக்கிரமே பூத்தண்டு விட்டுவிடுகின்றன. செராமிக் மெட்டல் ஹாலைட் விளக்கு வாங்கினால் சூரியனையே அறைக்குள் கொண்டுவந்ததுபோல் இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறாராம். 315 வாட்டில் ஒன்று போதுமா, வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்கலாமா என்பதற்குப் பதில் கடைசியில் வருகிறது. விற்பனைப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அந்த விளக்கைப் பார்ப்போம். பார்க்க வேண்டிய விளக்கு அது.

வெளிக்கண்ணாடிக்கு உள்ளே, நட்டநடுவில், கட்டைவிரல் பருமனில் பால்வெள்ளையாக ஒரு குழாய் இருக்கும். இரு முனையிலும் மெல்லிய கால்கள் நீண்டிருக்கும். அலுமினாப் பொடியை அச்சில் வார்த்துச் சுட்டெடுத்த பீங்கான் அது. கண்ணுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பது தெரியாது, ஆனால் வெளிச்சம் தாராளமாகக் கடந்துபோகும். உள்ளே கொஞ்சம் ஆர்கான், ஒரு துளி பாதரசம், சில மில்லிகிராம் உப்பு. சமையல் உப்பு இல்லை. சோடியம், தாலியம், டிஸ்ப்ரோசியம் போன்ற உலோகங்களின் அயோடைடுகள். சுவிட்சைப் போட்டதும் வெளிறிய ஊதா வெளிச்சம் ஒரு புள்ளியாகத் துடிக்கும். பாதரசம் ஆவியாக ஆவியாக அது நீலமாகும். இரண்டு மூன்று நிமிடத்தில் உப்பும் கிளம்பிவிட, வெள்ளை வெளிச்சம் நிலைத்து நிற்கும்.

அந்த உப்பு எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் இந்த விளக்கின் அழகெல்லாம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

குழாயின் அடியில், இருப்பதிலேயே சூடு குறைந்த மூலையில், உருகித் தேங்கிக் கிடக்கும் உப்பை லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகங்கள் அங்கே குடியிருக்கும் ஆள்கள். வேலைக்காடு குழாயின் நடுவே, மின்வில் எரியும் இடத்தில். அங்கே வெப்பம் ஐயாயிரம் டிகிரி அளவுக்குப் போகும். டிஸ்ப்ரோசியம் போன்ற ஆள்கள் நடந்து அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். தனி உலோகமாக இருந்தால் குழாய்ச் சுவரின் சூட்டில் போதுமான அளவு ஆவியாகாது. அவர்களை ஏற்றிப்போகும் லாரிதான் அயோடின். அயோடினோடு சேர்ந்து உப்பாகிவிட்டால் அதே சூட்டில் லேசாக ஆவியாகி மேலே ஏறிவிடும்.

காட்டுக்குள் நுழைந்ததும் லாரி ஆள்களை இறக்கிவிடுகிறது. அந்த வெப்பத்தில் அயோடைடு உடைந்து உலோக அணு தனியாகிறது. எலக்ட்ரான்கள் மோத மோத ஒவ்வோர் அணுவும் தனக்குரிய நிறத்தைக் கொடுக்கிறது. தாலியம் பச்சை, சோடியம் மஞ்சள். டிஸ்ப்ரோசியம் ஒரு நிரையோடு நிற்பதில்லை, நிறமாலை முழுவதும் நெருக்கமான கோடுகளாகப் பரவி வேலை செய்கிறது. வேலை முடிந்து விளிம்புப் பக்கம் நகரும் அணுவை, வேலியைத் தொடும் முன்பே லாரி மறுபடி ஏற்றிக்கொள்கிறது. மீண்டும் அயோடைடு, மீண்டும் லயம். சூடான உலோக ஆவி நேராகச் சுவரில் பட்டால் சுவரை அரித்துவிடும். உப்பாகத் திரும்புவதால் சுவர் பிழைக்கிறது. தோட்டத்தில் ஆள்களைக் கூட்டி வேலைக்கு அனுப்பும் பெரட்டு விடியற்காலையில் ஒன்றுதான். இங்கே ஒரு நொடிக்குள் பல நடை.

ஆள்களை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் தானே மரம் வெட்டுவதில்லை, ஆனால் அவர் இல்லாமல் காட்டில் வேலை நடக்காது. பாதரசத்தின் பங்கும் அதுவே. கடைசி வெளிச்சத்தில் அதன் நிறம் கொஞ்சம்தான். ஆனால் அது நெருக்கமாக நின்று எலக்ட்ரான்களின் ஓட்டத்தைத் தடுப்பதால்தான் இரு முனைகளுக்கும் இடையே வேண்டிய வோல்டேஜ் நிற்கிறது.

பழைய மெட்டல் ஹாலைட் விளக்குகளில் குழாயைக் குவார்ட்ஸில் செய்தார்கள். அந்த வேலியில் சந்து உண்டு. சோடியம் அயனி சின்னது. சூடேறிய குவார்ட்ஸ் வழியாக மெல்ல மெல்ல வெளியே நழுவிவிடும். ஆள் ஓடிப்போனால் லாரி வெறுமனே வழியை அடைத்து நிற்கும். துணையில்லாத அயோடின் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ள, வோல்டேஜ் ஏறும், நிறம் மாறும். பழைய பேட்மிண்டன் மண்டபங்களில் ஒன்றாக மாட்டிய விளக்குகள் நாளடைவில் ஒன்று பச்சை சாய்ந்தும் ஒன்று ஊதா சாய்ந்தும் எரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பீங்கான் வேலியில் அந்தச் சந்து அநேகமாக இல்லை. அதோடு, குவார்ட்ஸைவிடச் சுமார் 200 டிகிரி கூடுதலான சூட்டைப் பீங்கான் தாங்கும். லயம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு பேர் லாரி ஏறுவார்கள். ஆவி கூடினால் வெளிச்சம் கூடும், நிறமும் நிலைத்திருக்கும்.

வரலாறு வேண்டுமானால் சுருக்கமாக: விளக்குக்குள் உலோக உப்பைப் போடும் யோசனைக்கு ஜெனரல் எலக்ட்ரிக்கின் சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸ் 1912இல் காப்புரிமை வாங்கினார். அரை நூற்றாண்டு கழித்து, 1960களின் தொடக்கத்தில், அதே நிறுவனத்தின் கில்பர்ட் ரைலிங்தான் அதை உருப்படியான விளக்காக்கினார். ஒளி ஊடுருவும் அலுமினாப் பீங்கானை 1950களின் கடைசியில் செய்துகாட்டியவர் ராபர்ட் கோபிள். பொடியில் துளி மக்னீசியா கலந்தால், சுடும்போது உள்ளே காற்றுத்துளைகள் தங்காமல் போகும் என்று அவர் கண்டார். இரண்டையும் இணைத்து பிலிப்ஸ் 1994இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் வந்த விளக்கு அது. பட்டின் நிறத்தைப் பட்டின் நிறமாகவே காட்டும் என்பதுதான் அதன் பெருமை.

செடிக்கு அந்தப் பெருமை வேண்டியதில்லை. 1972இல் கீத் மெக்ரீ 22 பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிற ஒளியிலும் வைத்து ஒளிச்சேர்க்கையை அளந்து வெளியிட்டார். சிவப்புக்கு முதலிடம் கிடைத்தாலும், வீண் என்று பலரும் நினைக்கும் பச்சையும் நன்றாகவே வேலை செய்தது. இலை முதலில் பார்ப்பது எத்தனை ஒளித்துகள் விழுகின்றன என்பதை. நிறம் பெரும்பாலும் செடியின் உடல்வாகைத்தான் மாற்றுகிறது. நீலம் குறைந்த சோடியம் விளக்கின் கீழ் செடி நெடுநெடுவென்று வளரும், நீலம் உள்ள செராமிக் விளக்கின் கீழ் அடக்கமாக வளரும். அந்த அளவில் கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சூரியன் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாடுகளில் இந்த விளக்குக்குத் தோட்டக்கலையில் பெயர் வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் கஞ்சா வளர்ப்பு. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி அதை வளர்ப்பது மிகக் கடுமையான குற்றம். விளம்பரங்களில் வரும் அறுவடைக் கணக்குகள் அந்தச் செடிக்கானவை. அதற்கு வேண்டிய வெளிச்சத்தில் பாதிகூடக் கீரைக்குத் தேவையில்லை. அந்தக் கணக்கை நம்பி விளக்கு வாங்கினால் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கிவிடுவோம்.

சரி, கணக்கு. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெல்சனும் பக்பியும் செடி விளக்குகளை அளந்து 2014இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சிறந்த செராமிக் மெட்டல் ஹாலைட், ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 1.46 மைக்ரோமோல் ஒளித்துகள் கொடுத்தது. சிறந்த எல்.இ.டி.யும் இருமுனைச் சோடியம் விளக்கும் 1.66 முதல் 1.70 வரை. அதற்குப் பிறகு எல்.இ.டி. வெகுதூரம் போய்விட்டது. இன்று நல்ல எல்.இ.டி. 2.5ஐத் தாண்டுகிறது. செராமிக் விளக்கு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது.

315 வாட் விளக்கு, அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பேலஸ்டையும் சேர்த்து, மீட்டரில் 340 வாட் இழுக்கிறது என்று வைப்போம். 12 மணி நேரம் எரிந்தால் சுமார் 21 மோல் ஒளித்துகள் வரும். கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 12 முதல் 15 மோல் போதும். ஆக ஒரு விளக்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சரி, வாசகர் கேட்ட "போதுமா"வுக்குப் பதில் அது. மின்சாரம் நாளுக்கு 4 யூனிட் ஆகும். அடைத்த அறையில் அந்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாக மாறும். அதை வெளியேற்ற ஏர்கோன் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு கேட்கும். யூனிட்டுக்கு அரை ரிங்கிட் என்று போட்டால் மாதம் 80 ரிங்கிட். அதே வெளிச்சத்தை 200 வாட் எல்.இ.டி. கொடுக்கும், மாதம் 50 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். சுவர் வழியே உள்ளே வரும் வெக்கையை இரண்டிலும் நான் சேர்க்கவில்லை.

லூபோக் சீனாவுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பிற்பகல் இடிமழையில் கரண்டு ஒரு நொடி போய் வந்தாலும் இந்த விளக்கு அணைந்துவிடும். சூடான குழாய்க்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதால் மின்வில் உடனே மறுபடி பற்றாது. பத்து பதினைந்து நிமிடம் ஆற வேண்டும்.

வாசகரின் கணக்கில் விடுபட்டது ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. லிங்கி ஆற்றங்கரையில், நிலநடுக்கோட்டுக்கு இரண்டரை டிகிரி வடக்கே இருக்கிற ஊர் அது. ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் கால் மணி நேர வித்தியாசம்தான். சராசரி நாளில் ஒரு சதுர மீட்டரில் முப்பது மோலுக்கு மேல் ஒளித்துகள் காசில்லாமல் கொட்டுகிறது. பாதி நிழல்வலை போட்டாலே கீரைக்கு வேண்டியது கிடைத்துவிடும். அங்கே செடிக்குக் குறைவது குளிர்ச்சி. வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. வெளிச்சத்தை அடைத்துவிட்டு, வெளிச்சத்தோடு சூட்டையும் தருகிற விளக்கை உள்ளே மாட்டி, அந்தச் சூட்டை ஏர்கோனால் துரத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேமரன் மலையில் செவ்வந்திக் குடில்களில் இரவில் விளக்கு எரிவதைப் பார்த்தவர்கள் கேட்கலாம். அது வேறு வேலை. நீண்ட இரவு வந்தால் செவ்வந்தி மொட்டு வைத்துவிடும். தண்டு நீளும்வரை அதைத் தள்ளிப்போட, இரவின் நடுவே மங்கலான வெளிச்சம் காட்டினால் போதும். செடி அதை உணவாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குச் சாதாரணச் சிறு பல்புகளே தாராளம்.

வெக்கை நாட்டில் சாலட் கீரை வளர்க்க நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கோங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் செய்து காட்டியது. செடியின் மேல்பாகம் குடிலின் வெக்கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வேர்கள் தொங்கும் பெட்டிக்குள் மட்டும் 20 டிகிரி அளவுக்குக் குளிர்வித்த சத்துநீரைத் தெளித்தார்கள். இலையைச் சுற்றிய காற்று முப்பது டிகிரியைத் தாண்டியும் லெட்டூஸ் நன்றாகத் தலைகட்டியது. ஒரு முழு அறையின் காற்றைக் குளிர்விப்பதைவிட ஒரு தொட்டித் தண்ணீரைக் குளிர்விப்பது எவ்வளவோ மலிவு. மூடிய தெர்மோகோல் பெட்டி, சின்ன நீர்க்குளிரூட்டி, மேலே நிழல்வலை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கூரை. லூபோக் சீனா வாசகருக்கு நான் சொல்வது இதைத்தான். கொத்தமல்லியை வலைக்குக் கீழ் நெருக்கமாக விதைத்து, பூத்தண்டு எழும்பும் முன் இளசாக வெட்டி, அடுத்த பாத்தியில் அடுத்த விதையைப் போட்டுக்கொண்டே போகலாம்.

அறைதான் வேண்டும் என்றால் எல்.இ.டி. வாங்குங்கள். பெட்டியில் பெரிதாக அச்சடித்த "1000 வாட்"டை நம்ப வேண்டாம். உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது, ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்று இரண்டு எண்களைக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

செராமிக் விளக்கு ஏற்கனவே கைக்கு வந்திருந்தால் கீரைக்கு 4200 கெல்வின் பல்பைப் போடுங்கள். 3100ஐவிட அதில் நீலம் அதிகம். அந்தப் பல்புக்கென்றே செய்த, குறைந்த அதிர்வெண்ணில் சதுர அலை கொடுக்கும் பேலஸ்டில்தான் எரிக்க வேண்டும். அதிர்வெண் பொருந்தாவிட்டால் குழாய்க்குள் ஒலியலை எழும்பி மின்வில் நெளியும், சுவர் விரிசல் விடும். பல்பைச் செங்குத்தாகவா படுக்கையாகவா மாட்ட வேண்டும் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். தேங்கும் உப்பின் இடம் மாறினால் நிறமும் ஆயுளும் மாறும். கீழே தடுப்புக் கண்ணாடி இல்லாமல் எரிக்காதீர்கள். உள்ளே இருப்பது பாதரசம், ஆயுள் முடிந்த பல்பைக் குப்பைத்தொட்டியில் உடைத்துப் போடக் கூடாது. பழைய விளக்குகளை வாங்கிக்கொள்ளும் மின்கழிவு மையத்தில் முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.