வெயில் பட்டால் வீணாகும் சூடோமோனாஸ்!

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் சாகுபடி செய்பவர்களைக் கலங்கடிப்பது அடித்தாள் அழுகல் நோய். இதற்காகச் சூடோமோனாஸ் வாங்குகிறார்கள். அரியலூர் பக்கம் நிலக்கடலை விதைப்பவர்கள் ரைசோபியம் வாங்குகிறார்கள். சிலருக்கு நல்ல பலன்; சிலருக்கோ, 'போட்டும் பிரயோஜனமில்லை' என்ற புலம்பல். பல நேரங்களில் காரணம், வெயில்.

பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. அதன் உடல் ஒரே ஒரு செல். அது வாழவும் பெருகவும் வேண்டிய குறிப்பெல்லாம் டி.என்.ஏ என்ற இரட்டை இழையில் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும், இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல் சும்மா இருக்காது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பும்.

கொஞ்ச நேர வெயில் என்றால் தப்பிவிடும். நெடுநேரம் காய்ந்தால் காயங்கள் பெருகி, இரண்டு இழைகளும் அருகருகே அறுந்துபோகின்றன. அறுந்த முனையைச் செல்லின் சொந்த நொதிகளே அரிக்கத் தொடங்கும். பழுது பார்க்கும் வேலை அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் டி.என்.ஏ சிதைந்து, பாக்டீரியா செத்துவிடும். வெப்பமும் காய்ச்சலும் சேர்ந்தால் சாவு இன்னும் சீக்கிரம்.

எல்லா பாக்டீரியாவும் இப்படியல்ல. 1956-ல் அமெரிக்காவின் ஒரிகனில், கதிர்வீச்சு கொடுத்த டின் இறைச்சியில் உயிரோடு இருந்த 'டைனோகாக்கஸ்', நொறுங்கிய டி.என்.ஏ-வையும் ஒட்டவைத்துக்கொள்ளும். நம் வயலுக்கு வாங்கும் பாக்டீரியாக்களுக்கு அந்தத் திறன் இல்லை.

செத்த பாக்டீரியாவுக்கு நிறமோ வாசமோ மாறாது. தூள் அப்படியேதான் இருக்கும். அதனால் முன்கூட்டியே கவனம் தேவை.

* பொட்டலத்தைத் தகரக் கொட்டகையிலோ, வண்டியில் வெயில் படும்படியோ வைக்க வேண்டாம். காலாவதி தேதி பார்த்து வாங்கவும்.

* விதை வெங்காயத்துக்குக் கிலோவுக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து, உடனே நடவும்.

* நிலக்கடலை விதையில் ஆறிய கஞ்சியோடு ரைசோபியம் கலந்து, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்கவும்.

* ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரமான மண்ணில் மாலையில் இடவும். மண்ணுக்குள் போய்விட்டால் கதிர் எட்டாது.

கூடுதல் ஆலோசனைக்குப் பெரம்பலூர் விவசாயிகள் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் விவசாயிகள் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களை அணுகலாம்.