சண்டே லீவு யாருக்கு? ஒரு பழைய கட்டளையும் நம்ம வீட்டு ஞாயிற்றுக்கிழமையும்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில் லேசாகக் கண் சொருகுகிறது. 'டொய்ங்' என்று ஒரு சத்தம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப். "டீம், ஒரு சின்ன விஷயம். டைம் கிடைக்கும்போது பாருங்க..." டைம் கிடைக்கும்போது என்றால் 'இப்பவே' என்று அர்த்தம். அது அனுப்பினவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

'சண்டேகூட நிம்மதியா விட மாட்டாங்களா?' என்று நீங்க புலம்புறதில் தப்பே இல்லை. ஆனா, அப்படியே தலையைத் திருப்பி இன்னும் ரெண்டு பேரைப் பாருங்க. கிச்சனில் பிரியாணி குண்டானைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மா. 'ஐஸ்க்ரீம் எங்கே வந்துட்டிருக்கு?' என்று நீங்க ஆப்பில் டிராக் பண்ணிக்கொண்டிருக்கும் டெலிவரி அண்ணன். இவங்க சண்டே எங்கே போச்சு?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. சர்ச்சுக்குப் போறவங்க சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்கிற பத்துக் கட்டளைகளில் ஒன்று இதைப் பற்றித்தான் பேசுகிறது: ஓய்வுநாள் கட்டளை. நீங்க எந்த மதமா இருந்தாலும் சரி, சாமி கும்பிடாதவரா இருந்தாலும் சரி, வாரத்துக்கு ஒரு நாள் உங்களுக்கு லீவு இருக்கிறது என்றால் அதன் வேர் இந்தக் கட்டளை வரைக்கும் போகிறது. அதனால், அது என்னதான் சொல்லுதுன்னு ஒருமுறை பார்த்துடலாம்.

அடிமைக்கு வீக் ஆஃப் கிடையாது!

பைபிளில் இந்தக் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டு இடத்திலும் சொல்லப்படும் காரணம் வேறு வேறு. யாத்திராகமத்தில், கடவுளே ஆறு நாள்களில் உலகைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், அதனால் நீயும் ஓய்ந்திரு என்று காரணம் வருகிறது. உபாகமத்தில் இன்னும் அழுத்தமான காரணம். எகிப்தில் நீ அடிமையாக இருந்தாய், அங்கிருந்து விடுவிக்கப்பட்டாய், அதை மறக்காதே என்கிறது அது.

செங்கல் சூளையில் கிடந்த அடிமைக்கு ஏது வார விடுமுறை? ஆக, வாரம் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடிகிறது என்றால், 'நான் யாருக்கும் அடிமை இல்லை' என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இத்தோடு நின்றிருந்தால், நாம இன்ஸ்டாவில் பார்க்கிற 'செல்ஃப் கேர்' அட்வைஸில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் கட்டளை ஒரு பட்டியலும் போடுகிறது. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் ஊரில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரன். இத்தனை பேருக்கும் அன்று ஓய்வு. 'நான் ரெஸ்ட் எடுக்குறேன், நீ மாட்டை ஓட்டிட்டுப் போ' என்று சொல்ல வழியே இல்லை!

சனி எப்படி ஞாயிறு ஆச்சு?

யூதர்களுக்கு ஓய்வுநாள் என்பது வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனி சாயங்காலம் முடியும். இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்பதால், ஆதி கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட ஆரம்பித்தார்கள். ரோம் ஆட்சியில் அது சாதாரண வேலை நாள். அதனால் விடிவதற்கு முன்பே கூடிப் பிரார்த்தனை செய்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் ஞாயிறை அதிகாரபூர்வ ஓய்வு நாளாக அறிவித்தார். அப்போதும் விவசாயிகளுக்கு விலக்கு உண்டு. பயிர் காத்திருக்காதே!

எல்லாக் கிறிஸ்தவர்களும் ஞாயிறைத்தான் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்தில் பிரகாசபுரம் என்று ஓர் ஊர். அங்கே மிஷனரிகளோடு முரண்பட்டுப் பிரிந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளை, 1857-ல் தொடங்கிய தனிச் சபை சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாக வைத்துக்கொண்டது.

சரி, நம்ம நாட்டுத் தொழிலாளிக்கு ஞாயிறு லீவு எப்படி வந்தது? 'வெள்ளைக்காரன் கொடுத்தான்' என்று நினைத்திருந்தால், அது பாதிதான் உண்மை. வெள்ளைக்கார அதிகாரிகள் சண்டே சர்ச்சுக்குப் போனார்கள். பம்பாய் மில்லில் தறி ஓட்டியவர்களுக்கு அன்றைக்கும் வேலை. ஜோதிராவ் புலேவின் தோழரான நாராயண் மேகாஜி லோகாண்டே அந்தத் தொழிலாளர்களைத் திரட்டிப் பல வருஷம் போராடினார். ஞாயிறு கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. 1890-ம் ஆண்டு ஜூன் 10-ல் மில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டமும் வார விடுமுறைக்கு 'வாரத்தின் முதல் நாள்' என்றே எழுதியது. அதாவது ஞாயிறு.

சர்ச்சில் பிறந்த ஒரு நாளை கண்டோபா பக்தர்கள் போராடி வாங்கி, இன்று எல்லா மதத்துக்காரர்களும் அனுபவிக்கிறோம். அழகான விஷயம்தானே?

தங்கத்துக்காகவும் ஓடாதவர்

ஞாயிறை உயிராக மதித்தவர்களில் உலகம் அறிந்த பெயர், ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் எதிர்பார்த்த ஆள். ஆனால் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை. 'அன்னிக்கு ஓட மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். எவ்வளவோ பேர் பேசிப் பார்த்தும் அசையவில்லை. அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற ஆஸ்கர் வாங்கிய படம் இவர் கதையைச் சொல்வதுதான்.

படம் பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. பிற்பாடு லிடெல் சீனாவில் மிஷனரியாகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே நிறைய பிள்ளைகளும் இருந்தார்கள். லிடெல்தான் அவர்களுக்கு விளையாட்டு வாத்தியார் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரு ஞாயிறு, பசங்க தாங்களாகவே ஹாக்கி ஆடப் போய், நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. லிடெல் என்ன செய்தார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமையே நடுவராக நிற்க ஒப்புக்கொண்டார்!

ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தளர்த்தாத விதியை, அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே மூளைக்கட்டியால் இறந்துபோனார்.

இயேசுவும் இதே விஷயத்தில்தான் அன்றைய மதத் தலைவர்களோடு திரும்பத் திரும்ப மோதினார். ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கலாமா என்று கேட்டவர்களிடம், அந்த நாளில் நன்மை செய்வது சரிதான் என்ற பொருளில் பதில் சொன்னார். அதனால் ஞாயிறு டியூட்டி பார்க்கும் நர்ஸும் ஆம்புலன்ஸ் டிரைவரும் இந்தக் கட்டளையை மீறுகிறவர்கள் கிடையாது.

ஆளுக்கொரு நாள் லீவு விட்டால் என்ன?

'சண்டேதான் வேணுமா? எனக்கு செவ்வாய்க்கிழமை வீக் ஆஃப். அதுவும் லீவுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதைச் சோவியத் யூனியன் ஒரு நாடு முழுக்கச் செய்தே பார்த்துவிட்டது. 1929-ல் ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டு, ஐந்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களை ஐந்து குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு கலர் கொடுத்து, ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு நாள் லீவு. நாலு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. மெஷினும் நிற்காது. சர்ச்சுக்குப் போகிற பழக்கமும் தேய்ந்துவிடும். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்!

கணக்குப்படி பார்த்தால் லீவு அதிகம். ஆனா, புருஷனுக்கு ஒரு நாள், பொண்டாட்டிக்கு வேறு நாள், பிள்ளைக்கு இன்னொரு நாள். வீட்டில் யாரும் இல்லாத லீவை வைத்துக்கொண்டு என்ன பண்றது? ஜனங்க முணுமுணுத்தார்கள், மெஷின்களும் பராமரிக்க ஆளில்லாமல் பழுதாகின. 1931-ல் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். 1940-ல் பழையபடி ஏழு நாள் வாரமும் ஞாயிறு லீவும் திரும்பி வந்தன.

இன்றைக்கு நம்ம ஷிஃப்ட் வாழ்க்கையும் அந்த ஐந்து கலர் காலண்டர் மாதிரிதான் இருக்கு. ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து மகாபலிபுரம் போகத் தேதி பார்த்தே ஆறு மாசம் ஆகுதா இல்லையா? தனியாக எடுக்கிற லீவில் உடம்புக்கு ஓய்வு கிடைக்கும். உறவுக்குக் கிடைக்காது. ஜெர்மனியில் பெரும்பாலான கடைகள் ஞாயிறு அன்று மூடித்தான் இருக்கும். அந்த நாட்டு அரசியல் சட்டமே ஞாயிறு ஓய்வைப் பாதுகாக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளிலும் கடை திறக்க பெர்லின் மாநிலம் அனுமதி கொடுத்தபோது, சர்ச்சுகள் வழக்குப் போட்டன. 2009-ல் தீர்ப்பும் அவர்கள் பக்கம் வந்தது.

பட்டியலில் விட்டுப்போன ஒருவர்

இப்போ அந்தப் பழைய பட்டியலை இன்னொரு முறை படியுங்க. நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வெளியூர்க்காரன்... யாரோ ஒருத்தர் குறையுறாங்களே?

ஆமாம், மனைவி!

'நீ' என்ற சொல்லிலேயே மனைவியும் அடக்கம் என்று அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நம்ம வீடுகளில் அந்த விடுபடல் அப்படியேதான் நடக்குது. கிறிஸ்தவ வீட்டையே எடுத்துக்குங்க. காலை ஆராதனைக்கு முன்னாடியே மசாலா அரைச்சு வெச்சுட்டு, சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போதே 'கறி வெந்திருக்குமா' என்று யோசித்து, வந்ததும் சேலைகூட மாற்றாமல் அடுப்படிக்குள் நுழைகிற அம்மாக்கள் எத்தனை பேர்! மற்ற வீடுகளிலும் கதை ஒன்றுதான். எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள்தான் அம்மாவுக்கு அதிக வேலை இருக்கும் நாள். மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு கொடுக்கச் சொன்ன கட்டளையை மனப்பாடம் பண்ணின வீட்டிலும் இதுதான் நிலைமை என்றால், நாம எதையோ சரியாகப் படிக்கலை.

'ஆர்டர் பண்ணலைன்னா அவருக்குத்தானே நஷ்டம்?'

'அப்போ அம்மாவுக்கு ரெஸ்ட் கொடுக்க ஆன்லைனில் ஆர்டர் பண்ணிடலாம்' என்கிறீர்களா? அங்கேதான் டெலிவரி அண்ணன் வருகிறார். சண்டேதான் ஆர்டர் அதிகம், அவருக்கு வருமானமும் அன்றுதான். நாம எல்லோரும் ஆர்டர் பண்ணுவதை நிறுத்தினால், அவருக்குக் கிடைப்பது ஓய்வா, பட்டினியா?

இதற்கும் பைபிளில் ஒரு கதை இருக்கு. எகிப்திலிருந்து கிளம்பி வனாந்தரத்தில் நடந்தவர்களுக்குத் தினமும் மன்னா என்ற உணவு கிடைத்தது. அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றே பொறுக்க வேண்டும். சேர்த்து வைத்தால் கெட்டுவிடும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு நாளுக்கானது கிடைக்கும், கெடவும் கெடாது. ஏழாம் நாள் பொறுக்கப் போகத் தேவையில்லை. நம்ம பாஷையில் சொன்னால், சம்பளத்தோடு கூடிய விடுமுறை!

'வேலை செய்யாதே' என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு வழி செய்யாமல் விட்டால் அது ஓய்வாகாது. டெலிவரி வேலை பார்க்கிறவர்களை நிறுவனங்கள் 'பார்ட்னர்' என்று அழைக்கின்றன. பார்ட்னர் ஆகிவிட்டதால், வண்டி ஓடாத நாளில் அவருக்கு வருமானமும் கிடையாது. அன்றைய மில் தொழிலாளிக்கு லோகாண்டே கேட்டதை, இன்றைக்கு இவருக்காகக் கேட்க வேண்டியிருக்கிறது. நாம ஒருநாள் ஆப்பை மூடி வைப்பதால் மட்டும் இது தீராது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்கும்போது, 'இவங்களுக்கு வேற வேலை இல்லை' என்று கமென்ட் போடாமல் இருப்பதும் ஓய்வுநாளை மதிக்கிற ஒரு வழிதான்.

இந்த வாரமே முயற்சி பண்ணலாமா?

* ஞாயிறு அன்று உங்க ஜூனியருக்கு மெசேஜ் தட்டினால், அதை அனுப்பாமல் திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஷெட்யூல் பண்ணுங்க. உங்க மேனேஜர் உங்களுக்குச் செய்யாததை, நீங்க இன்னொருத்தருக்குச் செய்யலாம்.

* மாதத்தில் ஒரு ஞாயிறாவது கிச்சன் உங்க பொறுப்பு. ரசம் சாதமும் அப்பளமும் போதும். பாத்திரம் கழுவுவதும் அதில் சேர்த்தி!

* வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டா என்று விசாரியுங்க. இல்லை என்றால், சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுக்க வீட்டில் பேசுங்க.

* ஆர்டர் பண்ணியே ஆகணும் என்றால், மூணு தடவையாகப் பண்ணாமல் ஒரே தடவையாகப் பண்ணுங்க. பத்து நிமிஷம் லேட் ஆனால் ரேட்டிங்கில் கை வைக்காதீங்க.

* வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு ரெண்டு மணி நேரம் போனைத் தள்ளி வையுங்க. எல்லோரும் ஒரே நேரத்தில் வைக்கணும், அதுதான் முக்கியம். நீங்க மட்டும் வைத்தால், போன் பார்க்கும் மற்றவர்களை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்!

சர்ச்சில் ஒரு ஜோக் உண்டு. 'ஊருக்கெல்லாம் ஓய்வுநாளைப் பத்திப் பிரசங்கம் பண்ற பாஸ்டருக்கு மட்டும் சண்டேதான் ஓவர்டைம்.' அதனால்தான் பல பாஸ்டர்கள் திங்கள்கிழமையைத் தங்களுக்கான ஓய்வாக வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு முடியாதவர்களுக்கு வேறு ஒரு நாள் நிச்சயம் இருக்கணும். அதை அவர்களே கெஞ்சி வாங்கும் நிலையில் விடாமல், கூட இருக்கிறவர்கள் பார்த்துக் கொடுக்கணும்.

இந்த ஞாயிறு நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பட்டியலில் யார் பேர் விட்டுப்போயிருக்குன்னு ஒரு தடவை கிச்சனை எட்டிப் பார்த்துடுங்க!