எந்த ரத்தப் புற்றுநோய்?

மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்குத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் டெங்குவில் இறங்கிய தட்டணுக்கள் காய்ச்சல் விட்ட சில நாட்களில் தாமாகவே ஏறிவிடும். அப்படி ஏறாமல் ஹீமோகுளோபினும் கூடவே குறைந்து, குழந்தை வெளுத்துப்போய், இரவில் கால் வலிக்கிறது என்று அழுதால் ரத்தப் புற்றுநோயைச் சந்தேகித்தே ஆக வேண்டும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ‘பெரிபெரல் ஸ்மியர்’ சோதனைக்கு ஆகும் செலவு சொற்பம். அதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

எலும்பு மஜ்ஜையில் முதிராத அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும்போது நல்ல அணுக்கள் உற்பத்தியாக இடமில்லாமல் போகிறது. சோகை, ஓயாத காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் செம்புள்ளிகள் எல்லாம் அதன் விளைவுகளே. வெள்ளையணுக்களின் எண்ணிக்கை ஏறித்தான் இருக்கும் என்பதில்லை, குறைந்தும் இருக்கலாம்.

வேகமாக முற்றுவது ‘அக்யூட்’, மெதுவாக வளர்வது ‘கிரானிக்’. இவை ஒவ்வொன்றிலும் லிம்பாய்ட், மைலாய்ட் என்று இரண்டு வகை. ஆக முக்கிய வகைகள் நான்கு.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயே அக்யூட் லிம்பாய்ட் வகைதான். 2 முதல் 5 வயதுக்குள் வருவது அதிகம். எலும்பு வலி, நொண்டி நடப்பது, கழுத்தில் நெறி கட்டுவது இதன் அடையாளங்கள். மூட்டுவலி என்று நினைத்து ரத்தத்தைச் சரியாகப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் நோய் தற்காலிகமாகப் பதுங்கிக்கொள்ளும்; கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும். மூளையைச் சுற்றியுள்ள நீரிலும் விரைகளிலும் இந்த அணுக்கள் ஒளிந்துகொள்வதுண்டு. முதுகுத்தண்டு வழியாக மருந்து செலுத்துவது அதனால்தான். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். இடையில் விடாமல் முடித்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள்.

அக்யூட் மைலாய்ட் வகை பெரியவர்களிடம் அதிகம். சிலருக்கு ஈறு தடித்து வீங்கும். வெள்ளையணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு மூச்சுத் திணறலோ மயக்கமோ வரலாம். இதன் உட்பிரிவான ‘புரோமைலோசைட்டிக்’ வகையில் ரத்தம் உறையும் ஏற்பாடே குலைந்து, மூளையில் ரத்தம் கசிந்து சில நாட்களில் உயிர் போகலாம். ஸ்மியரில் சந்தேகம் எழுந்தாலே, மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் ‘அட்ரா’ மாத்திரையைத் தொடங்க வேண்டும். உடனே கண்டுபிடித்துவிட்டால் மிக நன்றாகக் குணமாகும் ரத்தப் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. வெள்ளைப் பாஷாணம் என்று நாம் அறிந்த ஆர்சனிக் டிரையாக்சைடும் இதற்கு மருந்து. அதை மட்டுமே கொடுத்துப் பெரும்பாலான நோயாளிகளைத் தேற்றிய அனுபவத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2006-ல் உலகுக்குச் சொன்னார்கள். விலை உயர்ந்த சிகிச்சைக்கு வழியில்லாதவர்களுக்கு அது எத்தனை பெரிய கதவு!

கிரானிக் மைலாய்ட் வகையில் 9, 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. மண்ணீரல் பெருத்து, நாலு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிடும். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் மாத்திரை இந்நோயின் தலையெழுத்தையே மாற்றியது. அதன் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் அதை மறுத்தது. குறைந்த விலை மாத்திரைகள் தொடர்ந்து கிடைக்க அது வழிவிட்டது. உடம்பு தேறிவிட்டதென்று தாமாகவே மாத்திரையை நிறுத்துபவர்களைத்தான் நினைத்துக் கவலையாக இருக்கிறது. நோய் தலைதூக்கி ‘பிளாஸ்ட் கிரைசிஸ்’ என்னும் முற்றிய கட்டத்துக்குப் போனால் மீட்பது கடினம்.

கிரானிக் லிம்பாய்ட் முதியவர்களின் நோய். தொந்தரவு இல்லாதவரை மருந்தே கொடுக்காமல் கண்காணிப்பதுதான் முறை.

சிகிச்சை தொடங்கியதும் வேறு ஆபத்துகள் உண்டு. புற்று அணுக்கள் மொத்தமாக உடையும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறிச் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம். முதல் நாட்களில் சலைன் நிறைய ஏற்றுவதற்கு அதுவே காரணம். அடுத்தது காய்ச்சல். கீமோதெரபியால் வெள்ளையணுக்கள் அடியோடு இறங்கியிருக்கும் வேளையில் 100.4 டிகிரி கண்டால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய், கீமோ நடக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.