கம்ப்ரெசருக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு

கல்ச்சுரல்ஸ் சீசன் வந்தா கவர் சாங் பண்றவங்க நம்ம கேம்பஸ்ல நிறைய பேர். ரெக்கார்டிங் முடிஞ்ச கையோட எல்லாரும் செய்யிற முதல் வேலை, வாய்ஸ் டிராக்ல ஒரு கம்ப்ரெசரைப் போடுறது. அப்புறம் கேட்டா பல்லவி எங்கேயோ தூரத்துல முணுமுணுக்குது, சரணத்துல உச்சஸ்தாயி வந்ததும் பாடுறவரோட தொண்டையை யாரோ பிடிச்ச மாதிரி இருக்கு. கம்ப்ரெசர் மேல தப்பில்லை. அதுக்கு முன்னாடி குரலைச் சமப்படுத்துற வேலை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் போரான வேலை, அதனாலயே நிறைய பேர் தொடுறதில்லை.

குரல் ஏன் மேடு பள்ளமா பதிவாகுது? பாடுறவர் அசையிறதே பாதிக் காரணம். மைக்குக்கும் வாய்க்கும் இருக்கிற தூரம் 10 செ.மீ.ல இருந்து 20 ஆனா, நேரடியா வர்ற ஒலி கிட்டத்தட்ட 6 டெசிபல் குறையும். அதாவது வேவ்ஃபார்மோட உயரம் பாதி. கார்டியாய்டு மைக்கா இருந்தா கிட்ட வரும்போது பேஸும் கூடும். அளவைப் பிறகு சரி பண்ணிடலாம், இந்தக் குரல் நிற மாற்றத்தைச் சரி பண்றது கஷ்டம். அதனால பாடும்போதே ஒரே இடத்துல நிக்கச் சொல்லுங்க.

இன்னொரு காரணம் நம்ம மொழியிலேயே இருக்கு. தமிழ்ல வினையோட முக்கியமான பகுதி கடைசியிலதான் வரும். ‘மறக்கமாட்டேன்’, ‘வரவில்லை’ மாதிரி சொற்கள்ல மறுப்பே வால்லதான் இருக்கு. பாடுறவருக்கு மூச்சு தீர்ற இடமும் பெரும்பாலும் அதுதான். அந்த வால் கீபோர்டு சத்தத்துல மூழ்கிட்டா, காதலன் மறக்கமாட்டேன்னு பாடினானா மறக்கறேன்னு பாடினானான்னு கேக்குறவங்களுக்குத் தெரியாது. நான் முதல்ல தேடிப் போறது இந்த வரி முடிவுகளைத்தான்.

சரி, இதைக் கம்ப்ரெசரே செய்யாதா? கணக்குப் போட்டுப் பாருங்க. த்ரெஷோல்ட் -18, ரேஷியோ 4:1. சத்தமான வரி -6ல இருக்கு, மெதுவான வரி -20ல இருக்கு. சத்தமான வரி த்ரெஷோல்டைவிட 12 டெசிபல் மேல. அது 3 ஆகச் சுருங்கி -15ல நிக்கும். 9 டெசிபல் நசுங்கிடுச்சு. மெதுவான வரியைக் கம்ப்ரெசர் தொடவே இல்லை. வித்தியாசம் இன்னும் 5 டெசிபல், அதுவும் ரெண்டு வரியும் ரெண்டு பேர் பாடின மாதிரி.

இப்போ முன்னாடியே சத்தமான வரியை 6 இறக்கி, மெதுவானதை 4 ஏத்துங்க. -12, -16. அதே கம்ப்ரெசர்ல இது -16.5, -17.5ஆ வெளிய வரும். வித்தியாசம் வெறும் 1. நசுங்கினதும் 4.5, 1.5 மட்டும்தான்.

இதுக்கு ஃபேடர் ஆட்டோமேஷன் உதவாது. ஃபேடர் எஃபெக்ட்ஸுக்கு அப்புறம் வர்றது, கம்ப்ரெசருக்கு அது தெரியவே தெரியாது. மாத்த வேண்டியது கிளிப் கெயினை. ரீப்பர்ல எஸ் கீயை அழுத்தினா கிளிப் ரெண்டா வெட்டுப்படும், ஒவ்வொரு துண்டோட வால்யூமையும் தனியா ஏத்தி இறக்கலாம். ஆடாசிட்டில என்வலப் டூல் இருக்கு. வெட்டுறதை வார்த்தைக்கு நடுவுல வெட்டாம, இடைவெளியில வெட்டி சின்னதா ஒரு கிராஸ்ஃபேட் கொடுங்க, இல்லன்னா ‘டிக்’னு கேக்கும். நார்மலைஸ் பட்டன் இந்த வேலைக்கு ஆகாது. அது முழு டிராக்கையும் ஒரே அளவுல தூக்கும், மேடும் பள்ளமும் அப்படியே இருக்கும்.

வேவ்ஃபார்மைப் பார்த்து எல்லாத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவராதீங்க. நம்ம காது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ரொம்பக் கூர்மை, அடிஸ்தாயியில மந்தம். திரையில குண்டா தெரியிற தாழ்ந்த ஸ்வரம் காதுக்குச் சின்னதா இருக்கும். ஒல்லியா தெரியிற ‘ஸ்’ குத்தும். ஸ்பீக்கர் சத்தத்தை நல்லா குறைச்சு வெச்சு, கண்ணை மூடிக் கேளுங்க. எந்த வார்த்தை காணாமப் போகுதோ அதை ஏத்துங்க. மூச்சு சத்தத்தை மட்டும் கூடவே ஏத்திடாதீங்க, அதைத் தனித் துண்டாக்கி இறக்கிடுங்க. ஃபேன் ஓடின ரூம்ல பாடினதுன்னா, 8 டெசிபல் ஏத்தினா ஃபேனும் 8 டெசிபல் ஏறும். அந்த வரியைத் திரும்பப் பாட வைக்கிறதே சுலபம்.

வேவ்ஸ் கம்பெனியோட வோக்கல் ரைடர் மாதிரி பிளகின்கள் இதைத் தானா செய்யும். நல்லாவே செய்யும். ஆனா பாடுறவர் வேணும்னே குரலைத் தணிச்ச இடம் எது, மூச்சு பத்தாம தணிஞ்ச இடம் எதுன்னு அதுக்குத் தெரியாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல இருக்கிற ஏற்றம் பாட்டோட உயிர், அதை விட்டுடுங்க. ஒரே பகுதிக்குள்ள வரிக்கு வரி இருக்கிற தடுமாற்றத்தை மட்டும் எடுங்க.

நாலு நிமிஷப் பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். ஒரிஜினல் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க. முடிச்சதும் கம்ப்ரெசரைப் போட்டு கெயின் ரிடக்‌ஷன் மீட்டரைப் பாருங்க: முள் பாட்டு முழுக்க 2ல இருந்து 5க்குள்ள நிதானமா ஆடிச்சுன்னா, மிக்ஸிங் ஆரம்பிக்கலாம்.