விளக்கு அணைந்த பின்னும் மின்சாரம்: வெந்நீர்க் கருவியும் தெர்மோஸ்டாட்டும்

கீசர் என்று வழங்கும் மின்சார வெந்நீர்க் கருவியில், நீர் வேண்டிய அளவு சூடேறியதும் சிறு விளக்கொன்று அணைந்துவிடுகின்றது. விளக்கு அணைந்தமையால் கருவியில் மின்சாரம் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்துவிட்டது என்பதே அதன் பொருள். மின்சாரம் முற்றிலும் நீங்கிவிட்டது என்பதன்று. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் குளியலறையில் இவ்வேறுபாட்டை அறியாமை உயிருக்கே தீங்காக முடியலாம்.

தெர்மோஸ்டாட் இயங்கும் முறை

வெப்பத்தால் உலோகங்கள் விரிகின்றன. ஆயினும் எல்லா உலோகங்களும் ஒரே அளவில் விரிவதில்லை. இவ்வுண்மையே தெர்மோஸ்டாட்டின் அடிப்படை. பல கீசர்களில் நீருக்குள் ஒரு பித்தளைக் குழலும், அதனுள் இன்வார் என்னும் கலப்பு உலோகக் கோல் ஒன்றும் இருக்கும். இன்வாரில் ஏறக்குறைய நூற்றுக்கு 36 பங்கு நிக்கல், எஞ்சியது இரும்பு. 1896-ஆம் ஆண்டில் கியோம் என்னும் அறிஞர் கண்டறிந்த இவ்வுலோகம் வெப்பத்தால் மிகச் சிறிதளவே விரியும். நீர் சூடேறியதும் குழல் நீள்கின்றது, கோல் நீள்வதில்லை. ஆகவே கோல் இழுக்கப்பட்டு, மின் இணைப்பு பிரிகின்றது. நீர் ஆறியதும் இணைப்பு மீண்டும் சேர்கின்றது.

எந்தக் கம்பியைப் பிரிக்க வேண்டும்?

நம் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் பேஸ், நியூட்ரல் என்னும் இரு கம்பிகளின் வழியே வருகின்றது. நியூட்ரல் கம்பி டிரான்ஸ்பார்மர் நிலையத்தில் நிலத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். பேஸ் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 230 வோல்ட் அழுத்தம் உண்டு. சாதாரண தெர்மோஸ்டாட் இரண்டில் ஒரு கம்பியை மட்டுமே பிரிக்கும். அது பேஸ் கம்பியாக இருத்தல் வேண்டும்.

இணைப்பவர் தவறி நியூட்ரல் கம்பியை அதனுடன் இணைத்துவிட்டால் நேர்வது என்ன? அப்போதும் விளக்கு அணையும், நீரும் ஆறும். ஆனால் சூடேற்றும் சுருள் முழுவதும் 230 வோல்ட் அழுத்தத்திலேயே இருக்கும். சுருளைச் சுற்றியுள்ள உலோக உறை உப்புப் படிவினாலோ அரிப்பினாலோ வெடித்தால், மின்சாரம் நீருக்கும் கலத்துக்கும் கசியும். எர்த் கம்பி செவ்வனே இருப்பின் அக்கசிவு நிலத்தைச் சேரும். இல்லையேல் குழாயைத் தொடுபவரின் உடல் வழியே பாயும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட், இரண்டு டார்ச் செல்கள், ஒரு சிறு பல்பு ஆகியவற்றைத் தொடராக இணைக்கவும். மெழுகுவர்த்திச் சுடரால் உலோகப் பட்டையைச் சூடாக்கினால் பல்பு அணையும். பின்னர்த் தெர்மோஸ்டாட்டைப் பல்பின் மறுபுறக் கம்பியில் மாற்றி இணைத்துச் சூடாக்கவும். இப்போதும் பல்பு அணையும். எந்தக் கம்பி பிரிந்தது என்பதைப் பல்பு கூறாது என்னும் பாடத்தை மாணவர் தாமே உணர்வர். இச்சோதனைக்கு வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை

2,000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். ஆகவே 6 ஆம்பியர் பிளக் அதற்கு உதவாது. 16 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்கும், மின்பலகையிலிருந்து தனிக் கம்பித் தொடரும் வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருங்கே பிரிக்கும் இருமுனைச் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே அமைத்தல் நலம். மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்காப்பு, அதாவது ஆர்.சி.சி.பி., இருத்தல் அவசியம். இரு கம்பிகளிலும் செல்லும் மின்னோட்டத்தை அது ஒப்பிட்டு, வேறுபாடு தோன்றியதும் நொடிப்பொழுதில் மின்சாரத்தைப் பிரித்துவிடும்.

கைப்பேசியால் இயக்கும் வைஃபை சுவிட்சுகளும் தெர்மோஸ்டாட்டுகளும் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. அவற்றுள் 16 ஆம்பியர் தாங்குவனவற்றையே கீசருக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றுள் பல, தாம் இயங்குவதற்கே நியூட்ரல் இணைப்பை வேண்டுவன. அந்த நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியை இணைப்பது பெருந்தவறு. கைப்பேசித் திரையில் "நிறுத்தப்பட்டது" என்று தோன்றுவதும் விளக்கு அணைவதைப் போன்றதே. அதனை நம்பிக் கருவியைத் திறக்கலாகாது. அதிவெப்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிக் காப்பை நீக்கி நேராக இணைப்பதும் கூடாது.

தொடுமுன் செய்ய வேண்டியவை

முதலில் மின்பலகையில் உரிய எம்.சி.பி.யை நிறுத்துக. மின்சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள வேறோரிடத்தில் வைத்து, அது சரியாக இயங்குகிறதா என்று பார்க்க. பின்னர்க் கீசரின் இணைப்பு முனைகளைச் சோதிக்க. இறுதியில் முன்போலவே மின்சாரம் உள்ள இடத்தில் கருவியை மீண்டும் சோதிக்க. பழுதான சோதனைக் கருவி மின்சாரம் இல்லை என்று பொய்யாக அறிவிக்கக்கூடும் ஆதலின் இம்மூன்று படிகளும் தேவை. இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

கசிவுக்காப்பின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் வீட்டார் அனைவராலும் இயலும். அழுத்தியும் மின்சாரம் நிற்காவிடில், அதனைச் சீர்செய்யும் வரை கீசரைப் பயன்படுத்தாதிருக்குமாறு களப்பணியாளர் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.