‘உடம்புக்கு நல்லது, தின்னு மக்களே!’

நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடை. கம்பியில் வாழைக் குலைகள் தொங்குகின்றன. ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோட்டன், ரசகதலி, ஓரத்தில் விரல் பருமனில் மட்டி. ஏழெட்டு வயதுப் பையனைக் கையில் பிடித்தபடி ஓர் ஆச்சி மட்டிச் சீப்பைக் காட்டினாள். “உடம்புக்கு நல்லது, தின்னு மக்களே.” பையனின் கண் அடுத்த பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளில் இருந்தது. “எனக்கு வேண்டாம் ஆச்சி.”

மட்டி லேசுப்பட்ட பழமல்ல. 2023-ல் கன்னியாகுமரி மட்டி என்ற பெயரிலேயே புவிசார் குறியீடு வாங்கியது. பல் முளைக்காத பிள்ளைக்கும் மசித்துக் கொடுப்பார்கள். தேன் மணக்கும். அதை ஒரு நாகர்கோவில் பிள்ளை வேண்டாம் என்கிறான் என்றால் பழத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. பையன் மேலும் சொல்லத் தோன்றவில்லை. எனக்குச் சந்தேகம் ஆச்சியின் முதல் இரண்டு சொற்கள் மேல்தான்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மிகல் மைமரான், அயெலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கதை சொன்னார்கள். கதையில் வரும் சிறுமி பிஸ்கட்டோ காரட்டோ தின்கிறாள். சில பிள்ளைகளுக்கு “அதைத் தின்றதால் அவளுக்குப் பலம் வந்தது” என்றும், சிலருக்கு “அவளுக்கு ருசியாக இருந்தது” என்றும் கதை போனது. இன்னும் சிலருக்கு இரண்டுமே சொல்லவில்லை. பிறகு அதே தீனியைப் பிள்ளைகள் முன் வைத்தார்கள். பலம் வரும் என்று கேட்ட பிள்ளைகள்தான் குறைவாகத் தின்றார்கள். படிப்பு வரும், எண்ணத் தெரியும் என்று சொன்னபோதும் அதே கதைதான்.

பிள்ளைகளின் தர்க்கம் எளிது. ஒரு பண்டம் ஒரு வேலைக்கு உதவும் என்றால் அது ருசிக்காது. நம் வீடுகளில் இதை மறுக்கவும் முடியாது. என் சின்ன வயதில் “உடம்புக்கு நல்லது” என்ற முன்னுரையோடு வந்தவை விளக்கெண்ணெயும் வேப்பங்கொழுந்து உருண்டையும் சுக்குக் கஷாயமும்தான். முந்திரிக்கொத்தைக் கொடுக்கும்போது யாரும் அப்படிச் சொன்னதில்லை. இன்றைய பிள்ளைக்கு அறிவுக்குக் குறைவில்லை. கீரையில் இரும்புச்சத்து உண்டு என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்குவான். மத்தியானம் டிபன் பாக்ஸில் கீரைத் துவரன் தொடாமல் திரும்பி வரும்.

பிள்ளையின் நாக்கு வம்புக்காரன் என்று நினைப்பதும் சரியல்ல. சுமார் இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டால் ஒதுங்குவது மனித இயல்பு. எழுந்து நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்ட இலையையும் காயையும் வாயில் போடும் வயது அது. அரளிக்காய் உள்ள ஊரில் கசப்பைக் கண்டால் துப்புகிற நாக்கு உயிரைக் காக்கும். பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில், இந்த ஒதுங்கும் குணத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபு வழி வருவதாகத் தெரிந்தது. ‘வளர்ப்பு சரியில்லை’ என்று மருமகளைக் குத்துகிற மாமியார்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் இல்லாத குமரி மாவட்டத்தை இன்று நினைக்க முடியுமா? அந்தக் கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்த மண் திருவிதாங்கூரில் இருந்தபோது, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பப் பாடுபட்டார். சனம் பயந்தது. பயத்தில் நியாயமும் இருந்தது. கசப்பு வகைக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் வேதிப்பொருள் உண்டு. வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் களையாமல் தின்றால் ஆபத்து. வாய்வழிக் கதை ஒன்று உண்டு: மகாராஜா விளைக்குக் காவல் போட்டு, ‘இது திருடக் கூடாத பொருள்’ என்று பேர் பண்ணினாராம், பிறகு திருட்டு தானாக நடந்ததாம். பிரான்சில் உருளைக்கிழங்குக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள் என்பதால் நம்புவது உங்கள் பாடு. 1942-ல் பர்மா அரிசி நின்றபோது இந்த மக்களைத் தாங்கியதில் அந்தக் கிழங்குக்குப் பெரும் பங்கு உண்டு என்பது மட்டும் கதையல்ல.

வடசேரிக் கடைக்காரருக்கு இந்தக் கதை தெரியுமோ என்னவோ. பையன் முகம் திருப்பியதும் மட்டிக் குலையைச் சற்று உள்ளே நகர்த்தி, “அதத் தொடாதலே, வேற ஆளு சொல்லி வச்சிருக்கு” என்றார். பையன் அப்போதுதான் குலையைச் சரியாகப் பார்த்தான். ஆச்சி மறுபடி “உடம்புக்கு...” என்று வாயெடுக்க, கடைக்காரர் கண்ணாலே அடக்கினார். இரண்டு பழம் தின்றான். 

இது வெறும் வியாபாரத் தந்திரமல்ல. அடுத்தவனுக்கு வேண்டியது எனக்கும் வேண்டும் என்பது பிள்ளை மனதில் வலுவான விதி. அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச் 1980-ல் இதைச் சோதித்தார். ஒரு காய்கறியைப் பிடிக்காத பிள்ளையை, அதை விரும்பித் தின்னும் மூன்று நான்கு பிள்ளைகளோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தார். நான்கே நாளில் அந்தப் பிள்ளையின் கையும் அந்தக் காய்க்குப் போனது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பந்தி என்று நாம் வைத்திருப்பது இதைத்தான். பள்ளிச் சத்துணவின் பெரிய பலம் என் கணக்கில் கலோரி அல்ல, வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்பது. 1956-ல் மதிய உணவைத் தொடங்கிய காமராஜர் (பின்னாளில், 1969-ல், நாகர்கோவிலின் எம்.பி. ஆனவர்) எண்ணியது பசியை. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதில் எனக்குப் பிடித்த செய்தி 2025-ல் வந்தது. திங்கட்கிழமை உப்புமாவை எடுத்துவிட்டுப் பொங்கலும் சாம்பாரும் தருவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். உப்புமாவின் ஊட்டச்சத்தைப் பற்றி வகுப்பெடுக்காமல் உப்புமாவையே மாற்றினார்களே, அது புத்திசாலித்தனம்.

இன்னொரு பாடம் பொறுமை. பர்ச் 1982-ல் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் வாரக்கணக்கில் ருசிக்கக் கொடுத்தார். எது அதிக முறை நாக்கில் பட்டதோ அதுவே அதிகம் பிடித்துப்போனது. எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து முறை ஆகலாம். நம் வீட்டில் மூன்றாம் முறையே “அவனுக்குப் பாவைக்காய் ஆகாது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒரு வாய் போதும். கரண்டி நிறைய வேண்டியதில்லை.

உண்மையில் பழக்கம் இதற்கும் முன்பே தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவில் ஜூலி மெனெல்லா 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலோ பாலூட்டும் நாட்களிலோ காரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் காரட் கலந்த கூழுக்கு முகம் சுளிப்பது குறைந்திருந்தது. பூண்டின் மணம் பனிக்குட நீர் வரை போகும் என்பதும் அவர் முன்பே கண்டது. குளச்சல் பிள்ளைக்குச் சாளை மணம் ஏன் வீட்டு மணமாக இருக்கிறது என்பதை இனி யோசித்துப் பாருங்கள்.

பாக்கெட் தீனி விற்கும் எதிர்த் தரப்புக்கும் இதெல்லாம் தெரியும். ஸ்டான்ஃபோர்டில் 2007-ல், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் தாளில், இன்னொன்று மெக்டொனால்ட்ஸ் தாளில். காரட் துண்டுகூட மெக்டொனால்ட்ஸ் தாளில் வந்தால் அதிக ருசி என்றார்கள் பிள்ளைகள். தின்றது காரட்டை, ருசித்தது தாளை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி போட்டது. 50 மீட்டர் என்பது ஒரு பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து வினாடி ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு மட்டும் அவனுக்கு யாரும் ஊக்கம் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் முழுத்தடை போட்டாலும் வேலைக்கு ஆகாது. பூட்டி வைத்த டப்பா மேல் ஆசை கூடும் என்கிறது 1999-ல் வந்த ஓர் ஆய்வு. “துவரனைத் தின்னா ஐஸ்கிரீம்” என்ற பேரமும் எதிர்விளைவு தருகிறது. துவரன் கூலிக்குச் செய்யும் வேலையாகவும் ஐஸ்கிரீம் கூலியாகவும் மனதில் பதிகிறது. ஊர்ப் பண்டம் என்பதால் ஏத்தங்காய் சிப்ஸுக்கு நான் சலுகை தர மாட்டேன். தேங்காய் எண்ணெயில் பொரித்தாலும் சிப்ஸ் சிப்ஸ்தான்.

ஓட்டம் என்றதும் நினைவு வருகிறது. ‘உடற்பயிற்சி’ என்ற சொல்லும் ‘உடம்புக்கு நல்லது’ சாதிதான். லாஸ் ஏஞ்சலஸில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் அசைவுகளை நொடிக்கணக்கில் குறித்து 1995-ல் ஓர் ஆய்வு வந்தது. கடும் அசைவு ஒன்றின் நடுத்தர நீளம் மூன்றே வினாடி. பதினைந்து வினாடி தாண்டியது அபூர்வம். பிள்ளை உடம்பு அரைமணி நேர நடைக்குச் செய்ததல்ல, பாய்ந்து நின்று மறுபடி பாய்வதற்குச் செய்தது. கிளித்தட்டும் சடுகுடுவும் கண்டுபிடித்தவர்கள் ஆய்வு படித்தவர்கள் அல்ல.

உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் தினமும் ஒரு மணி நேரம் அசைவதில்லை என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. இந்தியாவில் நிலைமை கொஞ்சம் மேல் என்றும், பையன்களுக்குக் கிரிக்கெட்டும் பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலையும் காரணமாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள். இந்தக் காரணத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். 82 சதவீத மக்கள் நகர்ப்புறம். விளைவு, விளையாடும் நேரத்தில் டியூஷன். நீச்சல் பழகிய குளங்களில் ஆகாயத் தாமரை, கரையில் வாகனம். பிள்ளையைத் தனியே விடப் பயப்படும் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மேற்கே தூத்தூர் பக்கம் போனால் வேறு காட்சி. சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று கடற்கரை நெடுகக் கால்பந்துப் பைத்தியம். ஒரு சாயங்காலம் மணலில் பந்தோடு பத்துப் பதினைந்து பையன்கள், மூன்று வினாடிப் பாய்ச்சலாகப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க நின்ற ஒருவனிடம், “தினமும் உடற்பயிற்சி செய்வியா தம்பி?” என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தான். “இல்ல அண்ணாச்சி, பந்து விளையாடுதோம்.”

சற்றுத் தள்ளி, தோளில் டியூஷன் பையோடு மூன்று பெண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து அவர்கள் பக்கம் உருண்டது. ஒருத்தி பையைக் கழற்றாமலே ஓர் உதை விட்டாள். நல்ல உதை, நேராகப் போய்ச் சேர்ந்தது. பிறகு மணியைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் வேகமாக நடந்தார்கள்.